மலைநடை: எந்த வழியைத் தேர்வது?

தில்லி, சண்டிகர், லக்னோ, கொல்கத்தா முதலிய நகரங்களில் அலுவல் நிமித்தம் வாழும் தமிழர்க்கு விடுப்பு என்றால் தென்திசைப் பயணம் என்றே பொருள். பெற்றோரைக் காண்பதற்கும், உறவினர் இல்லத் திருமணங்களில் கலந்துகொள்வதற்கும், குலதெய்வத்திற்குப் பொங்கலிடுவதற்கும் ஆண்டு விடுப்பு முழுவதும் செலவாகிவிடுகின்றது. இது குறை கூறத்தக்கதன்று. ஆயினும், இமயத்தின் அடிவாரத்திற்கு ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, அம்மலையை நாட்காட்டிப் படத்தில் மட்டுமே கண்டவராய் ஓய்வு பெற்று ஊர் திரும்புவோர் நம்முள் மிகப் பலர்.

இந்நிலை இப்போது மாறி வருகின்றது. அலுவலக நண்பர்கள் குழுவாகச் சேர்ந்தும், குடும்பத்துடனும், நான்கு நாள், ஆறு நாள், பத்து நாள் என்று இமயத்தின் உட்பகுதிகளில் நடந்து வருவோர் தொகை பெருகியுள்ளது. மத்திய அரசு ஊழியர்க்கு நான்காண்டுத் தொகுதி ஒன்றில் ஒருமுறை சொந்த ஊருக்குப் பதிலாக நாட்டின் வேறு எப்பகுதிக்கும் விடுப்புப் பயணச் சலுகையில் செல்ல இடமுண்டு. ஊர்ப் பயணத்தை அறவே கைவிடாமல் மலைக்கும் ஒருமுறை சென்று வரலாம்.

ஆங்கிலத்தில் 'டிரெக்கிங்' எனப்படும் இதனை 'மலைநடை' என்று குறிக்க விரும்புகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சொற்களின் பிறப்பைத் தேடும் பழக்கம் விடுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு மக்கள் மாட்டு வண்டிகளில் செய்த நெடும்பயணத்தைக் குறித்த சொல் இது. 'இழுத்தல்' என்பது அதன் வேர்ப்பொருள். ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்த தங்குமிடம் வரை உள்ள பகுதியையும் அச்சொல் குறித்தது. இப்பொருளை மனத்தில் இருத்திக் கொள்வது நன்று. பல நாள் நடைக்கு அடிப்படை, போய்ச் சேரும் சிகரம் அன்று. ஒவ்வோர் இரவும் தங்கும் இடமே.

நண்பர்கள் நம்மிடம் வினவும்போது, "எந்த நடை மிகுந்த புகழ் பெற்றது? எது மிகுந்த உயரம் செல்வது?" என்றே தொடங்குகின்றனர். இவ்விரு வினாக்களும் தேர்வுக்கு உதவா. உதவும் வினாக்கள் நான்கு உண்டு. நமக்கு உள்ளபடியே எத்தனை நாட்கள் கிடைக்கின்றன? எந்தப் பருவத்தில் செல்கின்றோம்? ஒவ்வோர் இரவும் எத்தனை உயரத்தில் உறங்குகின்றோம்? இடையில் திரும்ப வேண்டுமானால் எவ்வழியே, எத்தனை நேரத்தில் திரும்பலாம்? இந்நான்கையும் முன்னரே கேட்டு விடை பெறாதவர், நடையைத் தாம் தேர்ந்தவராகார். ஊரார் புகழ்ச்சி அவரைத் தேர்ந்துகொண்டது என்பதே பொருந்தும்.

இது வெறும் சௌகரியம் பற்றிய பேச்சன்று. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், உத்தராகண்டத்தின் சஹஸ்ரதால் என்னும் உயர்மலை ஏரிக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழு ஒன்று, திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கிக்கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். ஒன்பது பேர் உயிரிழந்தனர். ஏனையோரை மீட்க விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் செல்ல வேண்டியதாயிற்று. இறந்தோரையோ அழைத்துச் சென்றோரையோ குறை கூறுவது நம் நோக்கமன்று. தென்னாட்டில் பிறந்து வளர்ந்த நம்மைப் போன்றோர், பள்ளி விடுமுறைக் காலமாகிய அதே ஜூன் மாதத்தில், அதே மலைகளுக்குத்தான் செல்கின்றோம் என்பதை நினைவூட்டுவதே நோக்கம்.

முதலாவது, நாட்கணக்கு. பத்து நாள் விடுப்பு உள்ளது என்றால் பத்து நாள் நடக்கலாம் என்று எண்ணுதல் கூடாது. தில்லியிலிருந்து ஓர் இரவில் டேராடூனையோ காட்கோதாமையோ அடையலாம். அங்கிருந்து நடை தொடங்கும் சிற்றூரை அடைய மலைச்சாலையில் மேலும் ஒரு பகல் வேண்டும். போவதற்கு இரண்டு நாள், வருவதற்கு இரண்டு நாள். இவற்றைக் கழித்தால் எஞ்சுவது ஆறு. அந்த ஆறனுள் ஒன்றை எதற்கும் ஒதுக்காமல் உபரியாக வைத்தல் வேண்டும். மண்சரிவு, மழை, ஒருவருக்குத் தலைவலி என்று ஏதேனும் ஒன்று அந்த நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆக, பத்து நாள் விடுப்பினர் தேட வேண்டியது ஐந்து நாள் நடையையே.

இந்த உபரி நாளை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மலையில் நேரும் துன்பங்கள் பலவற்றிற்குப் பின்னால் ஒரு திரும்பும் பயணச்சீட்டு மறைந்திருக்கின்றது. "ஞாயிறு இரவு ரெயில், திங்கள் காலை அலுவலகம், ஆகவே இன்று எப்படியும் கணவாயைக் கடந்தாக வேண்டும்" என்னும் எண்ணம், மேகம் திரள்வதைக் கண்ட பின்னும் ஒருவரை மேலே ஏறச் செய்கின்றது. உபரி நாள் கையில் உள்ளவர்க்கு அந்நெருக்கடி இல்லை. கூடாரத்தில் ஒரு பகல் சும்மா இருந்து, மறுநாள் வானம் தெளிந்த பின் செல்லலாம். வானம் தெளியாவிட்டால் இறங்கிவிடலாம்.

இரண்டாவது, பருவம். இதில் நம்மவர் ஏமாறுவதற்கு நம் ஊர்ப் பழக்கமே காரணம். ஐப்பசி என்றால் அடைமழை என்று வளர்ந்தவர்கள் நாம். கார்வால், குமாவுன் மலைகளில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஆனி மாத நடுவில் தொடங்கும் மழை புரட்டாசியில் ஓய்கின்றது. புரட்டாசிப் பிற்பகுதியும் ஐப்பசியும்தாம் அங்கே வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்து, சிகரங்கள் காலை முதல் மாலை வரை தோன்றும் காலம். தசராவை ஒட்டி விடுப்பு எடுக்க இயலுவோர் பேறு பெற்றோர் ஆவர். பள்ளி விடுமுறைக்காக மே, ஜூன் மாதங்களில் செல்வோர், உயர்ந்த கணவாய்களில் பழைய பனி இன்னும் கிடக்கும் என்பதையும், பிற்பகலில் இடியும் ஆலங்கட்டியும் வரக்கூடும் என்பதையும் அறிந்து செல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தான் விடுப்பு என்றால், மழை மறைவுப் பகுதிகளாகிய லடாக்கு, ஸ்பிதி, லாஹௌல் பக்கம் திரும்புதல் தக்கது.

மூன்றாவது, உயரம். தமிழ்நாட்டில் வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறியவர், சதுரகிரிக்கு ஆண்டுதோறும் செல்பவர் எனப் பலர் நம்மிடையே உண்டு. அவர்களுடைய கால்வலிமை போற்றத்தக்கது. ஆனால் காற்றின் அடர்த்திக் குறைவு என்னும் சோதனையை அவர்கள் ஒருபோதும் சந்தித்ததில்லை. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 2,695 மீட்டர். இமயத்தில் இந்த உயரம் பல நடைகளின் முதல் இரவுத் தங்கல் மட்டுமே. மலைநோய் தொடங்கும் எல்லை என்று மருத்துவர்கள் குறிப்பதோ 2,500 மீட்டர். 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் அது பாதி.

இளமையும் உடற்பயிற்சியும் இந்நோயிலிருந்து காக்கும் என்று பலரும் நம்புகின்றனர். அது உண்மையன்று. 1962-ஆம் ஆண்டுப் போரின்போது சமவெளியிலிருந்து உயர்ந்த எல்லைப்புறங்களுக்கு விரைந்து அனுப்பப்பட்ட நம் படைவீரர் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களினும் உடல்வலிமை உடையோரை எங்கே காண்பது? நம் இராணுவ மருத்துவர்கள் அக்காலத்து நோயாளிகளைக் கவனித்து 1960-களில் வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் உலக மருத்துவ ஏடுகளில் எடுத்தாளப்படுகின்றன. அவ்வாய்வுகளும் பின்வந்தவையும் கூறுவது ஒன்றே: உடல் உயரத்திற்குப் பழகக் காலம் வேண்டும், அக்காலத்தைக் குறுக்க ஒருவராலும் இயலாது.

இதற்கென மருத்துவர்கள் வகுத்துள்ள விதி எளியது. 3,000 மீட்டரைக் கடந்த பின், உறங்கும் இடத்தின் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடலாகாது. மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் இரண்டாம் இரவும் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும், இரவில் தாழ்ந்த இடத்திற்கு வந்து உறங்குவது நலம். தலைவலி, பசியின்மை, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை தோன்றினால் அதற்கு மேல் ஏறுதல் கூடாது. நடை தள்ளாடினாலும், பேச்சுக் குழறினாலும், அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இரவானாலும் காத்திராமல் துணையோடு கீழே இறக்கிவிட வேண்டும். மாத்திரைகள் உண்டு, அவற்றைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டே பெற வேண்டும். இறங்குவதற்கு ஈடான மருந்து வேறில்லை.

நான்காவது, திரும்பும் வழி. மலைநடைகள் இருவகைப்படும். ஓர் ஆற்றின் கரையைப் பற்றிச் சென்று, போன வழியே திரும்புவது ஒன்று. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து கணவாயைக் கடந்து வேறொரு பள்ளத்தாக்கில் இறங்குவது மற்றொன்று. முன்னதில், எந்த நாளிலும் எந்த இடத்திலும் "போதும்" என்று சொல்லி இறங்கலாம். முந்தைய நாள் கடந்த ஊர் கீழே காத்திருக்கும். பின்னதில், கணவாயைக் கடந்த பிறகு திரும்புவதென்றால் மீண்டும் ஏற வேண்டும். முதன்முறை செல்வோர்க்கு ஆற்றோர நடையே ஏற்றது என்பது நம் உறுதியான கருத்து.

திருநாவுக்கரசர் கயிலைக்குச் சென்ற வரலாற்றைப் பெரியபுராணம் கூறுவதை நாம் அறிவோம். கால்கள் தேய்ந்தபின் கைகளாலும், கைகள் தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து சென்றார்; மீள மாட்டேன் என்று உறுதி பூண்டார்; இறுதியில் இறையாணைக்கு இணங்கிப் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்பது வரலாறு. அவருடைய உறுதி அடியாரின் உறுதி. விடுப்பில் செல்லும் நமக்கு அவ்வுறுதி உரியதன்று. நம் நடை நேர்த்திக்கடனும் அன்று, பந்தயமும் அன்று. மீள்வதை முன்னரே திட்டத்தில் எழுதிக்கொண்டு புறப்படுவதே நமக்குத் தகும்.

இனி, இந்நான்கு வினாக்களையும் கையில் கொண்டு சில வழிகளை எடைபோட்டுப் பார்ப்போம்.

உத்தராகண்டத்தின் சமோலி மாவட்டத்தில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்கு முதன்முறை செல்வோர்க்கு மிகவும் ஏற்றது. 1931-ஆம் ஆண்டு காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் வழியில் இதனைக் கண்டு, பின்னர் எழுதிய நூலால் உலகம் இதனை அறிந்தது. 1982-இல் தேசியப் பூங்காவாகவும், 2005-இல் நந்தாதேவியுடன் சேர்ந்து உலகப் பாரம்பரிய இடமாகவும் இது அறிவிக்கப்பட்டது. பூங்காவினுள் இரவு தங்க அனுமதியில்லை. ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில் உள்ள காங்கரியா என்னும் ஊரில் தங்கி, ஒரு நாள் பள்ளத்தாக்கிற்கும், மறுநாள் 4,300 மீட்டருக்கு மேல் அமைந்த சீக்கியர் திருத்தலமாகிய ஹேம்குண்டிற்கும் சென்று, அன்றன்றே காங்கரியாவிற்குத் திரும்பிவிடலாம். பகலில் உயர ஏறி இரவில் தாழ உறங்கும் விதி இங்கே தானே நிறைவேறுகின்றது. கூடாரம் வேண்டா, விடுதிகளும் உணவும் உண்டு. ஒரு குறை, மலர்கள் மிகுதியாகப் பூப்பது ஜூலை நடு முதல் ஆகஸ்டு வரையிலான மழைக்காலத்தில். நடைபாதையைவிட அங்கே செல்லும் மோட்டார்ச் சாலையே மண்சரிவால் தொல்லை தரும். ஆகவே இதற்கு இரண்டு உபரி நாட்கள் வேண்டும்.

குமாவுனில் பாகேசுவர் மாவட்டத்துப் பிண்டாரிப் பனியாற்று நடை பழமையானது. 1830-இல் அப்பகுதியின் ஆணையராக இருந்த டிரெய்ல் கடந்த கணவாய் அவர் பெயராலேயே அங்கு வழங்குகின்றது. கணவாய் வரை செல்வது தேர்ந்த மலையேறிகளின் வேலை. நாம் செல்வது பனியாற்றின் எதிரே உள்ள இடம் வரையில்தான். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள காட்டி என்னும் அழகிய சிற்றூரிலிருந்து பிண்டர் ஆற்றின் கரையோடு ஏறி, துவாலியிலும் 3,200 மீட்டரையொட்டிய புர்கியாவிலும் தங்கி, பனியாற்றைக் கண்டு அதே நாள் இறங்கலாம். உறங்கும் உயரம் மெல்ல மெல்லக் கூடுகின்றது. திரும்பும் வழி எப்போதும் திறந்துள்ளது. மே மாதமும் அக்டோபரும் உரியவை. கர்ணப்பிரயாகையில் அலகநந்தாவுடன் கலக்கும் பிண்டர் ஆற்றை அதன் பிறப்பிடத்தில் காணும் மகிழ்ச்சியும் உண்டு.

ஹர்-கி-தூன் என்பது உத்தரகாசி மாவட்டத்தின் மேற்கு மூலையில், ஏறத்தாழ 3,560 மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கு. சாங்கரி, தாலுகா ஆகிய ஊர்களிலிருந்து ஆற்றோரமாகச் செல்லும் இவ்வழியின் தனிச்சிறப்பு, அது மக்கள் வாழும் வழி என்பதே. கங்காட், ஓஸ்லா முதலிய ஊர்களில் மரத்தாலும் கல்லாலும் கட்டிய வீடுகளையும், செதுக்கு வேலைப்பாடு அமைந்த கோயில்களையும் காணலாம். மலையைக் காட்டிலும் மலைவாழ் மக்களைக் காண விரும்புவோர் இதனைத் தேர்க.

இதே சாங்கரியிலிருந்து செல்லும் கேதார்கந்தா, ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரமுள்ள சிகரம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பனியில் நடந்து சிகரம் ஏறும் வாய்ப்பு உண்டு என்பதால் இளைஞர்கள் பெரிதும் விரும்புகின்றனர். நாட்கள் குறைவு, உயரமும் அளவுக்குள் உள்ளது. ஆயினும் குளிர் கடுமையானது. ஆண்டு இறுதி விடுமுறையில் கூட்டம் சந்தை போல் இருக்கும். தனிமையை நாடிச் செல்வோர் அந்த வாரத்தை மட்டுமாவது தவிர்க்க வேண்டும்.

கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர், குவாஹாத்தித் தமிழர்க்குச் சாந்தக்பு அருகில் உள்ளது. 3,636 மீட்டர் உயரமுள்ள இதுவே மேற்கு வங்கத்தின் மிகவுயர்ந்த இடம். மானேபஞ்சாங்கிலிருந்து நேபாள எல்லையோரமாகச் சிங்காலிலா மலைமுகட்டில் நடந்தால், வானம் தெளிந்த காலையில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என்னும் நான்கு பெருஞ்சிகரங்களை ஒரே இடத்தில் நின்று காணலாம். ஒவ்வோர் இரவும் கூரையுள்ள விடுதியில் தங்கலாம். உச்சி வரை ஊர்திப் பாதையும் உள்ளது. நடைக்கு அது சிறிது இடையூறே. ஆனால் ஒருவர் நோயுற்றால் அதுவே உதவி. ஊரிலிருந்து வந்திருக்கும் அறுபது வயதுத் தந்தையாரையும் அழைத்துச் செல்லலாமா என்று கேட்போர்க்கு, மருத்துவர் இசைந்தால் இந்த ஒரு வழியை மட்டும் நாம் பரிந்துரைப்போம்.

சிக்கிமில் யுக்சமிலிருந்து கோச்சாலா நோக்கிச் செல்லும் நடை இதனினும் ஒரு படி மேலானது. 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவை மிக அருகில் காட்டும் இவ்வழி, 2016-இல் உலகப் பாரம்பரிய இடமான தேசியப் பூங்காவினுள் செல்கின்றது. எட்டு முதல் பத்து நாள் வேண்டும். இங்கேதான் நம் மூன்றாம் வினா பயன்படுகின்றது. சோக்கா என்னும் தங்கல் ஏறத்தாழ 3,000 மீட்டர். அடுத்ததாகிய சோங்ரி ஏறத்தாழ 4,000 மீட்டர். ஒரே நாளில் உறங்கும் உயரம் 1,000 மீட்டர் கூடுகின்றது. எனவே சோங்ரியில் இரண்டாம் இரவும் தங்காத திட்டத்தை எவர் கொணர்ந்தாலும் ஏற்றல் கூடாது. ஒரு நாள் குறைவதால் கட்டணமும் குறைகின்றது என்பர். அந்தக் குறைவு நமக்கு வேண்டா.

மணாலிக்கு அருகிலுள்ள ஹம்தா கணவாய் 4,270 மீட்டர். நான்கைந்து நாளில் குலுவின் பசுங்காட்டிலிருந்து லாஹௌலின் வறண்ட நிலத்திற்குக் கடந்து செல்லும் இவ்வழியில், ஒரே பகலில் குறிஞ்சியிலிருந்து பாலைக்கு வந்துவிட்டாற்போலத் தோன்றும். மழைக்காலத்திலும் செல்லத்தக்கது. சத்ருவில் இறங்கியபின் ஊர்தியில் ஏறி, 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை வழியே மணாலிக்குத் திரும்பலாம். ஆனால் இது கணவாய் கடக்கும் வகையைச் சேர்ந்தது. ஒருமுறையேனும் ஆற்றோர நடை சென்று, தம் உடல் உயரத்தில் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்தவர் இரண்டாம் முறைக்கு இதனை எடுத்துக்கொள்க.

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு நடையும் அத்தகையதே. சிற்றூர் வீடுகளில் தங்கி, அவர்கள் அடுப்பருகே அமர்ந்து உண்டு செல்லும் இனிய நடை அது. இறுதியில் ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரமுள்ள கோங்மாரு கணவாயைக் கடக்க வேண்டும். தில்லியிலிருந்து விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் 3,500 மீட்டர் உயரத்து லே நகரில் இறங்கிவிடலாம். அந்த விரைவே அபாயம். லே நகரில் முழுமையாக மூன்று நாட்கள் ஓய்வு கொள்ள இயலாதவர் இந்நடையை மேற்கொள்ளலாகாது.

ரூப்குண்டைப் பற்றி ஏன் கூறவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். மனித எலும்புகள் கிடக்கும் அந்த 5,000 மீட்டர் உயரத்து ஏரி மிகுந்த புகழ் பெற்றது. அங்கு இறந்தோர் ஒரே நிகழ்ச்சியில் மாண்டவர் அல்லர், பல நூற்றாண்டு இடைவெளியில் மாண்டவர்கள் என்பதை 2019-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. ஆனால் உத்தராகண்ட உயர்நீதிமன்றம் 2018-இல், உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடுத்து ஆணையிட்டது. அவ்வழியில் தங்கல்கள் அத்தகைய புல்வெளிகளில்தான் அமைந்திருந்தன. ஆகவே புறப்படுமுன் வனத்துறையிடம் நேரே கேட்டறிய வேண்டும். புல்வெளி மிதிபட்டால் மீண்டும் தழைக்க நெடுங்காலம் ஆகும். தடையின் நோக்கம் நியாயமானதே.

வழியைத் தேர்ந்தபின் அழைத்துச் செல்வோரைத் தேர வேண்டும். இன்று இதனை வாணிகமாக நடத்துவோர் மிகப் பலர். அவர்களிடம் விலையைக் கேட்குமுன் ஒரு தாளை நீட்டி, ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் பெயரையும் உயரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஓய்வு நாள் உண்டா, உயிர்க்காற்றுக் கலம் உடன் வருமா, நோயுற்றவரை இறக்க யார் உடன் வருவர், மேலே செல்வதா திரும்புவதா என்று முடிவு செய்பவர் யார் என்று கேளுங்கள். தயங்காமல் விடை கூறுபவரை நம்பலாம். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் "இன்று வேண்டா, சாகேப்" என்று சொன்னால், பணம் கொடுத்தது நாம் என்ற எண்ணத்தை அப்போது விட்டுவிட வேண்டும்.

உடன் வருவோரையும் அளந்தறிதல் வேண்டும். ஐவர் செல்லும் குழுவின் வேகம், அவ்வைவருள் மெதுவாக நடப்பவரின் வேகமே. அவரை முன்னே விட்டு ஏனையோர் பின்செல்வது முறை. இளைஞர்கள் முன்னே ஓடி, மூத்தவரைத் தனியே பின்னே வரவிடும் குழுவில் சேராதீர்கள். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் விரைந்து நடந்தும் படியேறியும் பழகுக. புதிய காலணியை மலையில் முதன்முதல் அணியாதீர்கள். பருத்தி ஆடை நனைந்தால் காயாது. உடலை ஒட்டிக் குளிரைச் சேர்க்கும். கம்பளியும், விரைவில் உலரும் துணியும் வேண்டும்.

உணவு பற்றியும் ஒரு சொல். 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 87 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். அழுத்தச் சமையற்கலம் இல்லாவிடில் பருப்பு வேகாது. சோறு அரை வேக்காடாகவே இருக்கும். பசியும் மந்தப்படும் அவ்விடத்தில், வீட்டிலிருந்து கொண்டு சென்ற பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் ஒரு கவளம் உள்ளே இறங்க உதவும். சுமையில் அவற்றிற்கு இடம் ஒதுக்குவது வீண் அன்று.

தேர்வைச் சுருக்கிக் கூறுவோம். முதல் ஆண்டு மலர்ப் பள்ளத்தாக்கு, பிண்டாரி, ஹர்-கி-தூன், சாந்தக்பு ஆகிய நான்கனுள் ஒன்று. அதனை நலமே முடித்தவர்க்கு அடுத்த ஆண்டு ஹம்தா. உயரத்தில் தம் உடலின் இயல்பை நன்கு அறிந்து, பதினைந்து நாள் விடுப்பும் பெற்றவர்க்குக் கோச்சாலாவும் மார்க்காவும். இவ்வரிசையில் செல்வோர் மூன்று நான்கு ஆண்டுகளில் இமயத்தின் மேற்கும் நடுவும் கிழக்கும் கண்டவராவர். முதல் ஆண்டிலேயே 5,000 மீட்டரைத் தொட விரும்புவோர் பலர், அரைவழியில் நோயுற்று இறங்கி, இனி மலையே வேண்டா என்று சொல்லிவிடுகின்றனர். அது அவர்க்கும் இழப்பு. அவர் சொல்லைக் கேட்டு அஞ்சும் பிள்ளைகட்கும் இழப்பு.

விடுப்பு விண்ணப்பத்தை எழுதும்போது நடைக்குரிய நாட்களைப் பிறகு எண்ணுங்கள். உபரி நாளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பும் பயணச்சீட்டை அந்த நாளுக்குப் பின்னரே வாங்குங்கள்.